மூன்றாண்டு அங்கீகாரம்: ஓர் இயந்திரவியல் துறையின் நிகழ்வு ஆய்வு

குவைத்திலிருந்து வந்த கேள்வி

2018 ஏப்ரலில் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் 2009-இல் எங்களிடம் இயந்திரவியல் முடித்தவர். குவைத்தில் குழாய் அமைப்புப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் என்ற பதவிப் பெயரில் இருப்பவர்கள் வேலை அனுமதியைப் புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையின்மைச் சான்று தர வேண்டும் என்று அந்த நாட்டு அரசு அந்த ஆண்டு கட்டாயமாக்கியது. சங்கமோ, இந்தியப் பட்டம் என்றால் தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்.பி.ஏ.யின், அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்த்தது. "நான் படித்த காலத்தில் நம் துறைக்கு என்.பி.ஏ. இருந்ததா சார்? இருந்தால் ஒரு சான்று மட்டும் போதும்" என்று கேட்டிருந்தார்.

இருக்கவில்லை. 2018-இலும் இல்லை. கல்லூரி வாசலில் நாக் (NAAC), அதாவது தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழுவின் தரச்சான்றைப் பறைசாற்றும் பெரிய பலகை இருந்தது. அதனால் எல்லா அங்கீகாரமும் நமக்கு இருக்கிறது என்றே மாணவர்களும் பெற்றோரும், சொல்லப்போனால் ஆசிரியர்களில் பாதிப் பேரும், நம்பியிருந்தோம். நாக் முழு நிறுவனத்தை எடைபோடுவது. என்.பி.ஏ. ஒவ்வொரு பட்டப்படிப்பையும் தனித்தனியாக எடைபோடுவது. ஒரே கல்லூரியில் மின்னியல் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் இயந்திரவியலுக்கு இருக்காது. இரண்டு அமைப்புகளும் 1994-இல் தொடங்கியவை, என்.பி.ஏ.யை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) உருவாக்கியது, 2010-இல் அது தன்னாட்சி பெற்றது. அங்கீகாரம் முன்தேதியிட்டு வழங்கப்படுவதில்லை என்பதும் அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெளிவானது. அது செல்லுபடியாகும் காலத்தில் பட்டம் பெறுபவருக்குத்தான் பயன். 2009-இல் முடித்தவருக்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே எழுதினேன்.

அந்த மாதமே அதே கேள்வியோடு மேலும் இரண்டு முன்னாள் மாணவர்கள் எழுதினார்கள். ஜூனில் நிர்வாகக் குழு கூடியபோது, இயந்திரவியலுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவானது. துறையின் அங்கீகார ஒருங்கிணைப்பாளராக என்னை நியமித்தார்கள். அப்போதிலிருந்து 2023 வரை நடந்ததைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். கல்லூரி தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள சுயநிதிக் கல்லூரி. பல்கலைக்கழகத்துடன் இணைப்புப் பெற்றது, தன்னாட்சி இல்லாதது. யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை.

எந்தப் படி, எத்தனை மதிப்பெண்

இணைப்புக் கல்லூரி என்பது இங்கே முக்கியம். என்.பி.ஏ. கல்லூரிகளை இரண்டு படிகளாகப் பிரிக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் படி. எங்களைப் போன்றவை இரண்டாம் படி. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் சமமாக ஏற்க வழிசெய்வது வாஷிங்டன் உடன்படிக்கை. இந்தியா 2014 ஜூனில் அதில் நிரந்தர உறுப்பினரானது. அதன் பயனாகக் கிடைக்கும் வெளிநாட்டுச் சமநிலை முதல் படியில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். எங்கள் சேர்க்கைக் கையேட்டின் வரைவில் "வாஷிங்டன் உடன்படிக்கைத் தரத்தில் பட்டம்" என்று ஒரு வரி ஏற்கெனவே ஏறியிருந்தது. விண்ணப்பமே போடாத நிலையில், கிடைத்தாலும் உண்மையாகாத ஒரு வாக்குறுதி. அச்சுக்குப் போகும் முன் நீக்கச் சொன்னோம்; நீக்கினார்கள், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

இரண்டாம் படிக்கு அன்று பத்து அளவுகோல்கள், மொத்தம் 1000 மதிப்பெண். ஆசிரியர்களுக்கு 200, மாணவர் செயல்திறனுக்கு 150, பாடத்திட்டமும் கற்பித்தலும் 120, பாட விளைவுகளும் பட்டப்படிப்பின் விளைவுகளும் 120, தொடர் மேம்பாட்டுக்கு 50, இப்படிப் போகும். 750-ஐத் தாண்டி, நான்கு முதல் ஆறு வரையிலான அளவுகோல்களில் 60 சதவீதமும் பெற்றால் ஆறாண்டு. 600-ஐத் தாண்டினால் மூன்றாண்டு. அதற்கும் கீழே போனால் ஒன்றும் இல்லை.

முதல் தடை: ஒரு முனைவர், ஓர் ஆண்டு

மதிப்பெண் பக்கம் போவதற்கு முன்பே தகுதிநிலைச் சோதனை உண்டு. துறைத் தலைவர் முனைவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். எங்கள் தலைவர் பெற்றிருந்தார். முனைவர் பட்டத்தோடு நிரந்தரப் பணியில் இரண்டு பேராசிரியர்களோ, ஒரு பேராசிரியரும் ஓர் இணைப் பேராசிரியருமோ துறையில் இருக்க வேண்டும். நடப்பு ஆண்டில் மட்டும் இருந்தால் போதாது, முந்தைய ஆண்டிலும் இருந்திருக்க வேண்டும். எங்களிடம் பேராசிரியர் ஒருவர் இருந்தார். முனைவர் பட்டம் பெற்ற இணைப் பேராசிரியர் 2018 ஜூனில்தான் வேறொரு கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தார். 2018-19-இல் விண்ணப்பித்தால் முந்தைய ஆண்டுக் கட்டம் காலி.

நிர்வாகத்தின் யோசனை எளிமையானது. நியமன ஆணையின் தேதியை 2017 ஜூன் என்று மாற்றிவிடலாம். "ஒரு தேதிதானே சார்" என்றார் அலுவலகத்தில் ஒருவர். சொன்னவர் கெட்டவர் அல்லர். பல இடங்களில் நடப்பதைத்தான் சொன்னார்.

முதல்வர் மறுத்தார், நானும் மறுத்தேன். ஏன் மறுத்தோம் என்பதை அழகுபடுத்தாமல் எழுதிவிடுகிறேன். முதல்வர் சொன்ன காரணம் நடைமுறை சார்ந்தது. நேரில் வந்து பார்க்கும் வாரியத்தின் வருகைக் குழு, ஆசிரியர்களின் படிவம் 16 என்ற வரிப் பிடித்தச் சான்றையும் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதையும் கேட்கும். 2017-18-க்கான சம்பளம் அந்த மனிதருக்கு வேறு கல்லூரியிலிருந்து போயிருக்கிறது. அதே ஆண்டில் அவர் பழைய கல்லூரியின் பதிவேட்டிலும் இருக்கிறார், எங்களிடமும் இருப்பார். மாட்டிக்கொண்டால் அவருடைய பெயர்தான் கெடும். நேர்மையைவிட அச்சமே அன்று எங்களைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். சம்பந்தப்பட்ட இணைப் பேராசிரியரை யாரும் கேட்கவில்லை என்பது பிற்பாடு எனக்கு உறுத்தியது. அவர் பெயரை வைத்து நடந்த விவாதம் அவருக்கே ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைத்தோம். அதற்கு ஒரு விலை இருந்தது. அதை நாங்கள் முன்கூட்டிக் கணக்கிடவில்லை. துறைக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 120. முதலாண்டில் சேர்ந்தவர்கள் 2016-இல் 104 பேர், 2017-இல் 91, 2018-இல் 70. அந்த மூன்றாண்டுச் சராசரி 73 சதவீதத்துக்கு மேல். சேர்க்கை விகிதத்துக்கான 20 மதிப்பெண்ணில் 16 கிடைத்திருக்கும். தள்ளிவைத்ததால் 2016 வெளியே போய் 2019 உள்ளே வந்தது. இயந்திரவியலைவிட்டு மாணவர்கள் கணினி அறிவியலுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 2019-இல் 52 பேர்தான் சேர்ந்தார்கள். 360 இடங்களுக்கு 213 பேர், அதாவது 59.2 சதவீதம். 60-க்குக் கீழே போனால் அந்த வரியில் பூஜ்யம். 216 பேர் இருந்திருந்தால் 14 கிடைத்திருக்கும். மூன்று மாணவர் குறைவு.

கோப்புகளைத் திறந்தபோது கண்டவை

2019 ஜூலை முதல் நவம்பர் வரை தன்மதிப்பீட்டு அறிக்கை எழுதும் வேலை. மாலை ஏழு மணிக்கு முன் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்த மாதங்களில் வகுப்புகள் எப்படி நடந்தன என்பதைத் தனியாக ஓர் ஆய்வாக எழுத வேண்டும்; அங்கீகாரத்துக்காகக் கற்பித்தலைக் கைவிடுவது எங்கள் கல்லூரியில் மட்டும் நடப்பதல்ல.

முதலில் கண்ணில் பட்டது முன்னாள் மாணவர் கருத்துப் படிவங்கள். அறுபது படிவங்கள் இருந்தன. அறுபதும் மூன்றே கையெழுத்தில், ஒரே நீல மையில். எல்லாரும் "மிக நன்று" என்று குறித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பியது என்று கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்கள். அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, இளைய ஆசிரியர்கள் நால்வர் தொலைபேசியில் ஆளுக்கு இருபது பேரைத் தேடினோம். 23 பேர் உண்மையாகப் பதில் சொன்னார்கள். குவைத்தில் இருந்தவரும் அதில் ஒருவர். பாராட்டு ஏதும் இல்லை, "குழாய் வரைபடத்தைப் பார்த்துப் படிக்க எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. அங்கே போய் ஒரு ஃபிட்டரிடம்தான் கற்றுக்கொண்டேன்" என்றார். அறுபது "மிக நன்று"களில் இல்லாத செய்தி இந்த ஒரு வரியில் இருந்தது.

அடுத்தது விளைவு எட்டல் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையில் பெரும்பாலான பொய்கள் இங்கேதான் குடியிருக்கின்றன.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு பாட விளைவுகள் எழுதப்படும்; ஆசிரியர் அறையில் சி.ஓ. என்பார்கள். "மாணவர் இதைக் கற்றபின் இன்னதைச் செய்யக்கூடியவராவார்" என்ற வடிவில் இருக்கும். பட்டப்படிப்பு முழுவதுக்கும் பொதுவாக அன்று 12 விளைவுகளை வாரியமே தந்தது, அது பி.ஓ. பொறியியல் அறிவில் தொடங்கி, சிக்கல் பகுப்பாய்வு, சூழலும் நிலைத்தன்மையும், அறநெறி, குழுப்பணி, வாழ்நாள் கற்றல் என்று போகும். எந்த சி.ஓ. எந்த பி.ஓ.வுக்கு எந்த அளவு துணை செய்கிறது என்று 1, 2, 3 இட்டு ஓர் அட்டவணை. தேர்வு முடிவுகளை வைத்து ஒவ்வொரு சி.ஓ.வும் மூன்றுக்கு எவ்வளவு எட்டப்பட்டது என்று கணக்கிட்டு, அட்டவணை வழியாக பி.ஓ. எட்டலுக்குப் போக வேண்டும்.

எங்கள் அட்டவணைகளில் பொறியியல் வரைபடப் பாடம் "சூழலும் நிலைத்தன்மையும்" என்பதற்கு 3 அளவில் துணை செய்தது. எப்படி என்று கேட்டால், தாளை வீணாக்காமல் வரையச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

சிரிக்க முடியாதது வெப்ப இயக்கவியல் கோப்பு. மூன்றாம் பருவப் பாடம். பல்கலைக்கழகத் தேர்வில் எங்கள் மாணவர்கள் 41 சதவீதம் பேர்தான் தேறியிருந்தார்கள். கோப்பில் விளைவு எட்டல் 3-க்கு 2.92. எப்படி? தேர்ச்சி 30 சதவீதம் என்றால் நிலை 1, 35 என்றால் நிலை 2, 40 என்றால் நிலை 3 என்று இலக்கை வகுத்திருந்தார்கள். முடிவுகள் வந்த பிறகு வகுத்த இலக்கு என்பது கோப்பின் தேதிகளைப் பார்த்தாலே புரிந்தது. அகமதிப்பீட்டில் எல்லாருக்கும் தாராளமாக மதிப்பெண் போட்டிருந்ததால் அங்கும் நிலை 3. பாட முடிவில் மாணவர்களிடம் வாங்கிய கருத்துக் கணிப்பு 2.6. பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80, அகமதிப்பீட்டுக்கு 20 என்று எடை போட்டு நேரடி எட்டலைக் கண்டு, அதையும் கருத்துக் கணிப்பையும் மறுபடி 80-க்கு 20 என்று சேர்த்தால் 2.92 வரும். கூட்டல் பெருக்கலில் பிழையே இல்லை.

இன்னொரு சிக்கல் இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவானது. பல்கலைக்கழகம் பாடத்துக்கு ஓர் எழுத்துத் தரம் மட்டும் தரும். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஐந்து சி.ஓ.க்களுக்கும் ஒரே எண்ணைத்தான் போட முடியும். மாணவன் முதல் விதியில் தேறினானா, நீராவிச் சுழற்சியில் விழுந்தானா என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது. 80 சதவீத எடையுள்ள அளவீடு இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாம் முடிவு: எண்ணை இறக்குவது

அறிக்கையைப் பதிவேற்ற ஐந்து வாரம் இருந்தது. இலக்குகளை மாற்றி எல்லாக் கணக்கையும் மறுபடி போடுவதா, இருப்பதை அப்படியே அனுப்புவதா?

துறைக் கூட்டத்தில் பெரும்பான்மை அனுப்பிவிடலாம் என்ற பக்கம். அவர்கள் வாதத்தில் வலு இருந்தது. எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் அனுப்புகிறது, நாம் மட்டும் குறைத்துக் காட்டினால் நமக்குத்தான் நட்டம், மூன்று பேர் குறைந்ததால் ஏற்கெனவே போனது போதாதா என்றார்கள்.

நான் மாணவர் செயல்திறன் பற்றிய நான்காம் அளவுகோலைக் காட்டினேன். அரியர் இல்லாமல் பட்டம் பெற்றவர்களின் விகிதத்துக்கு 25 மதிப்பெண். எங்கள் மூன்று தொகுதிகளில் அப்படி முடித்தவர்கள் 140 பேரில் 38, 137 பேரில் 41, 139 பேரில் 44. ஏழு மதிப்பெண்தான் வரும். வேலைவாய்ப்பு, கல்விச் செயல்திறன் எல்லாம் சேர்த்தாலும் 150-க்கு ஏறத்தாழ 67. 60 சதவீதத்துக்கு 90 வேண்டும். ஆக, ஆறாண்டு என்பது எந்தக் கணக்கிலும் எங்களுக்கு இல்லை. பொய்யான எட்டலை வைத்துக்கொண்டால் எங்கள் சொந்த மதிப்பீட்டில் மொத்தம் 668. மெய்யானதைப் போட்டால் 640. இரண்டும் ஒரே மூன்றாண்டுப் பட்டைக்குள். இருபத்தெட்டு மதிப்பெண்ணுக்காக, தேர்வில் தோற்ற 59 சதவீதம் பேர் பாடத்தைக் கற்றுவிட்டார்கள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு வாதத்தைத் துறைத் தலைவர் வைத்தார். அதுதான் கூட்டத்தைத் திருப்பியது. "ஏழாம் அளவுகோலில் விளைவுகளைப் பார்த்து என்ன மேம்படுத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். எல்லாம் 2.9 என்றால் எதை மேம்படுத்தினோம் என்று எழுதுவது?"

நிலைகளை 50, 60, 70 என்று மாற்றினோம். வெப்ப இயக்கவியலின் எட்டல் 2.92-இலிருந்து 1.0 ஆனது. அந்த ஒன்றிலும் பாதிக்குமேல் மாணவர்களின் கருத்துக் கணிப்பு தந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தேர்வில் தோற்றவர்களும் "நன்றாகப் புரிந்தது" என்று குறித்திருந்தார்கள்.

பிறகுதான் உண்மையில் வேலை தொடங்கியது. பல்கலைக்கழகத் தாள் கிடைக்காது என்பதால் எங்கள் அகத்தேர்வு விடைத்தாள்களைக் கேள்வி வாரியாகப் பிரித்தோம். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, நீராவி அட்டவணையைப் பார்த்து இடைமதிப்புக் கண்டுபிடிக்கும் கணக்குகளை வகுப்பில் பாதிப் பேர் தொடவே இல்லை. காரணம் அறிவுக் குறைவு அல்ல; பலரிடம் சொந்தமாக அட்டவணைப் புத்தகம் இல்லை, தேர்வு மண்டபத்தில்தான் முதல்முறை புரட்டினார்கள். நூலகம் அறுபது பிரதிகள் வாங்கியது. இரண்டாவது சற்று ஆழமானது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்கள் முதலாண்டுக் கணிதத்தைப் படிப்பதில்லை. வந்த முதல் பருவத்திலேயே பகுதி வகைக்கெழுக்களோடு வெப்ப இயக்கவியல் எதிரே நிற்கிறது. தோற்றவர்களில் அவர்கள் பங்கு அதிகமாக இருந்தது. அவர்களுக்கு மாலையில் ஆறு வார இணைப்பு வகுப்பு தொடங்கினோம். கணிதத் துறையிலிருந்து வந்து எடுத்த அம்மையார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர், தமிழிலேயே விளக்கினார். குழாய் வரைபடம் படிக்க ஐந்து நாள் கூடுதல் வகுப்பு ஒன்றையும் சேர்த்தோம்.

வருகை: 2020 பிப்ரவரி

வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். தலைவர் ஒருவர், எங்கள் படிப்புக்கு மதிப்பீட்டாளர்கள் இருவர், எல்லாரும் வெளிமாநிலத்தவர். வளாகம் முழுக்கத் தொலைநோக்கும் பணிநோக்கும் ஃபிளெக்ஸ் பலகைகளாகத் தொங்கின. கழிப்பறை வாசலில் ஒன்று தொங்கியதை முதல் நாள் காலையில் நானே கழற்றினேன்.

ஆய்வகத்தில் சறுக்கினோம். டீசல் எஞ்சின் சோதனைமேடை நன்றாக ஓடியது. ஆனால் புகை அளவியின் அளவுத்திருத்தச் சான்று பதினொரு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. ஆய்வகத் தொழில்நுட்பர் இதை எழுத்தில் இரண்டு முறை தெரிவித்திருந்தார். கோப்பு அலுவலக மேசையில் கிடந்தது. மதிப்பீட்டாளர் குறித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கோப்புகளைக் கேட்டார்கள். வெப்ப இயக்கவியல் அவர்களே எடுத்தது. மூத்த மதிப்பீட்டாளர் 1.0 என்பதைப் பார்த்துவிட்டு, "தட்டச்சுப் பிழையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். அதைக் காட்டலாமா என்று முந்தின இரவு வரை எங்களுக்குள் தகராறு. அவர் இருபது நிமிடம் அந்த ஒரு கோப்பிலேயே இருந்தார். பிறகு, இணைப்பு வகுப்புக்கு வந்த மாணவர்களில் மூவரை அழைக்கச் சொன்னார். நாங்கள் தயார் செய்துவைத்த மாணவர்கள் வேறு; இவர்கள் பயிற்சியே பெறாதவர்கள். அறையில் எங்களை இருக்கவிடவில்லை. வெளியே வந்த ஒரு மாணவனிடம் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "நீராவி அட்டவணையைக் கொடுத்து ஒரு மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார் சார். கண்டுபிடித்தேன். தொலைநோக்கு என்ன என்று கேட்டார், மறந்துவிட்டது" என்றான்.

ஞாயிறு நிறைவுக் கூட்டத்தில் பலங்களையும் குறைகளையும் பொதுவாகச் சொன்னார்கள். மதிப்பெண் சொல்வது வழக்கமில்லை.

விளைவு

மூன்றாண்டு கிடைத்தது, 2023 ஜூன் 30 வரை. குறைகளாகச் சேர்க்கைச் சரிவு, அரியர் இன்றி முடிப்போர் குறைவு, ஆராய்ச்சி நிதி இன்மை, ஆய்வகக் கருவிகளின் அளவுத்திருத்தம் ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. விளைவு எட்டல் முறை குறைகளில் இல்லை. நிர்வாகம் ஆறாண்டை எதிர்பார்த்திருந்தது. அந்த எதிர்பார்ப்பைக் கணக்குக் காட்டி முன்பே இறக்கியிருக்க வேண்டியது என் வேலை, செய்யவில்லை. வாழ்த்துப் பலகையில் "மூன்றாண்டு" என்பதை மட்டும் சின்ன எழுத்தில் போட்டார்கள்.

வருகைக்கு அடுத்த மாதமே கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. இணையவழித் தேர்வு நடந்த ஆண்டில் வெப்ப இயக்கவியலில் 94 சதவீதம் தேர்ச்சி. எட்டல் தானாக நிலை 3-க்குப் போனது. அந்த ஆண்டை முன்னேற்றமாகக் கொள்ளக் கூடாது என்று கோப்பிலேயே குறிப்பு எழுதி வைத்தோம். நேரடித் தேர்வு திரும்பிய பிறகு கிடைத்தது 63. நாற்பத்தொன்றிலிருந்து அறுபத்து மூன்று. இதில் அட்டவணைப் புத்தகத்துக்கு எவ்வளவு பங்கு, இணைப்பு வகுப்புக்கு எவ்வளவு, இடங்கள் குறைந்து வகுப்பு சிறிதானதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இடங்களை 2020-21 முதல் 120-இலிருந்து 60 ஆகக் குறைத்துக்கொண்டோம். அதன்பின் மூன்றாண்டுகளில் 47, 51, 55 பேர் சேர்ந்தார்கள். சேர்க்கை விகிதம் 85 சதவீதம். தலைக்கணக்கில் பழைய மோசமான ஆண்டைப் போலத்தான். விகிதத்தில் மட்டும் நல்ல துறையாகிவிட்டோம். இந்த அளவுகோலைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல், குறைகளைச் சரிசெய்ததைக் காட்டும் இணக்க அறிக்கை கொடுத்தோம். அங்கீகாரம் மேலும் மூன்றாண்டு நீட்டிக்கப்பட்டது.

குவைத்தில் இருந்தவர் அங்கே பதவிப் பெயரைத் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் என்று மாற்றிக்கொண்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். சம்பளம் குறையவில்லை என்று எழுதியிருந்தார். 2021 முதல் குழாய் வரைபட வகுப்பின் ஒரு நாளை இணையவழியில் அவரே எடுக்கிறார்.

மறுபடி செய்வதானால்

தள்ளிவைக்கும் முடிவை மாற்றமாட்டேன். ஆனால் அதை எடுத்த அன்றே சேர்க்கைச் சராசரி அடுத்த ஆண்டு என்னாகும் என்று கணக்கிட்டிருப்பேன். இடக் குறைப்பை அப்போதே கேட்டிருக்கலாம், இரண்டாண்டு தாமதித்தோம்.

எட்டல் இலக்குகளைப் பருவம் தொடங்கும் முன் எழுதி, துறைக் கூட்டக் குறிப்பில் தேதியோடு பதிவு செய்கிறோம். இது 2019-இலேயே இருந்திருந்தால் ஐந்து வார இரவுப் பணி மிச்சமாகியிருக்கும். அகத்தேர்வுத் தாள்களின் கேள்வி வாரிப் பகுப்பை எல்லாப் பாடத்துக்கும் செய்ய முயன்று ஒரே ஆண்டில் களைத்துப்போனோம். இப்போது தேர்ச்சி மிகக் குறைந்த நான்கு பாடங்களுக்கு மட்டும். அந்த நான்கும் ஒழுங்காக நடக்கின்றன.

ஆய்வகத் தொழில்நுட்பரின் கோரிக்கைகள் துறைத் தலைவருக்கு நேராகப் போகும்படி மாற்றினோம். அலுவலக மேசை வழியாகப் போகாமல் இருந்தால் போதும் என்றார் அந்தத் தொழில்நுட்பர்.

நீட்டிப்பு 2026 ஜூனோடு முடிகிறது. வாரியத்தின் அறிக்கை வடிவமும் இதற்குள் மாறிவிட்டது, 12 பி.ஓ.க்கள் 11 ஆகியிருக்கின்றன. ஓர் இளைய ஆசிரியர் வந்து, பழைய அட்டவணைகளில் ஒரு நெடுவரிசையை அழித்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டார். பழைய கோப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவர் பாடத்தின் பெயர் மட்டும் எழுதிய வெற்று அட்டவணை ஒன்றைக் கொடுத்தேன். வரைபடப் பாடம் அவருடையதுதான்.